பொண்ணு வெள்ளத்தைப் படிக்கணும்ங்கறா, நீங்க ஏன் நகையை வித்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கறீங்க?

சென்னை தாம்பரம் பக்கத்துல இருக்கற முடிச்சூர்ல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, மேத்ஸ் பிசிக்ஸ் ரெண்டுலயும் நல்ல மார்க், கட்ஆஃப் நல்லாவே வருது. பெரியப்பா ஒரு தனியார் யுனிவர்சிட்டில மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏஐ சீட் பேசி வெச்சிட்டாராம், நாலு வருஷத்துக்கு ஹாஸ்டலோட சேத்து 20 லட்சத்தைத் தாண்டுது, பாதி லோன், பாதி அம்மாவோட நகை. பொண்ணு சிவில்தான் வேணும்னு ஒரே பிடியா நிக்கறா. "பொம்பளப் புள்ள சார், சைட்ல போய் வெயில்ல நிக்குமா, வேலை கிடைக்குமா, சொந்தக்காரங்க எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க"ன்னு அழாத குறை.

அம்மா, உங்க பயம் புரியுது. ஆனா அட்வான்ஸ் கட்டற தேதி நெருங்கிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அதனால நேராவே சொல்லிடறேன், கட்டாதீங்க.

ஒருவேளை உங்க பொண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் உயிருன்னு வெச்சுக்குவோம், அப்பகூட இந்த சீட் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அவ கட்ஆஃபுக்கு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்லயே இதுல ஒரு சின்னப் பங்கு செலவுல உருப்படியான காலேஜ் கிடைக்கும். 10 லட்சம் லோன், 10 சதவீத வட்டி, 10 வருஷம்னு போட்டுப் பாருங்க, மாசம் 13,000 ரூபாய்க்கு மேல இஎம்ஐ வரும், படிக்கிற காலத்து வட்டி தனி. அந்த இஎம்ஐ தலைக்கு மேல நின்னா 22 வயசுல புள்ள பிடிச்ச வேலையைத் தேடாது, முதல்ல எது கிடைக்குதோ அதுல போய் உக்காந்துடும். நகையை எடுக்கற பேச்சே வேண்டாம், இதுல நான் இறங்கி வரமாட்டேன். லோனுக்கு பெரியப்பா கையெழுத்துப் போடப் போறதில்ல, நீங்கதான் போடப் போறீங்க.

இப்ப பொண்ணு விஷயம். அவகிட்ட தனியா பேசினேன். ஏன்மா சிவில்னு கேட்டா, வீடு கட்டணும் பாலம் கட்டணும்னு எதுவும் சொல்லல. எங்க வீட்டு கேட் தூண்ல ரெண்டு கோடு இருக்கு சார்ன்னு ஆரம்பிச்சா. 2015 டிசம்பர்ல தண்ணி நின்ன உயரத்துக்கு அப்பா போட்ட கோடு ஒண்ணு, 2023 மிக்ஜாம் புயலுக்கு இவளே போட்ட கோடு ஒண்ணு. இடையில ரோடு மேலயே ரோடு போட்டு உசத்திட்டாங்க, அதனால ரோட்டுல இருந்து அளந்தா கணக்கு தப்பும்னு வீட்டு வாசப்படியில இருந்து டேப் வெச்சு அளந்து நோட்டுல எழுதி வெச்சிருக்கா. அம்மா, நிலையா ஒரு புள்ளியை வெச்சுக்கிட்டு அதுல இருந்து மட்டம் எடுக்கணும்ங்கறது சர்வேயிங்ல, அதாவது நில அளவையில, முதல் பாடம். யாரும் சொல்லித் தராம உங்க பொண்ணு அதைப் பண்ணியிருக்கா.

அடுத்து அவ கேட்ட கேள்வி எனக்கு இன்னும் பிடிச்சுது. எல்லாரும் 2015ல செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததாலதான் நம்ம ஏரியா முங்குச்சுன்னு சொல்றாங்களே, அந்த உபரித் தண்ணி திருநீர்மலைப் பக்கம்தானே அடையாறு ஆத்துல சேருது, நாங்க அதுக்கு மேல இருக்கோமே, அப்ப எங்களுக்கு எப்படி வந்துச்சு? சரியான கேள்வி. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம்னு மேல இருக்கற ஏரிகளோட உபரியும் அந்தப் பக்கம் கொட்டின மழையும்தான், தாம்பரத்துல 2015 டிசம்பர் ஆரம்பத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பேஞ்சிருக்கு. செம்பரம்பாக்கத்தால அடி வாங்கினது அதுக்குக் கீழ, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம். ஒரே ஆறுதான், ஆனா ரெண்டு இடத்துக்கும் வைத்தியம் வேற வேற.

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடிக்கறதே ஒரு தொழில். நகர்ப்புற வெள்ளச் சேதத்தைக் குறைக்கத் திட்டம் போடறதுன்னு சொல்லலாம். மெடிக்கல், சிஏ, ஐடி பத்தியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தெருவுக்கு நாலு பேர் சொல்லுவாங்க, ஆனா இதைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால இதை மட்டும் விரிவா சொல்றேன்.

முதல்ல எந்த எந்த நிலத்துல பேயற மழை இந்த ஆத்துக்கு வருதுன்னு மேப்ல கோடு போட்டுப் பிரிக்கணும், அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அப்புறம் எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணி ஓடும்னு கணக்கு. 10 ஹெக்டேர் காலி நிலத்துல மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பேஞ்சா, 30 சதவீதம் ஓடும்னு வெச்சா, செகண்டுக்கு அரை கன மீட்டர் தண்ணி வரும், அதே இடத்துல வீடும் சிமென்ட் ரோடுமா நெரிச்சுக் கட்டி 80 சதவீதம் ஓட ஆரம்பிச்சா 1.3 கன மீட்டர். மழை அதேதான், கால்வாய் அகலமும் அதேதான், அப்ப மிச்சத் தண்ணி வீட்டுக்குள்ளதான வரும்?

அடுத்து அந்தத் தண்ணி எந்தத் தெருவுல எவ்வளவு உயரம் நிக்கும்னு மாடல் போட்டுப் பாக்கணும். ஹெக்-ராஸ், ஸ்வம், க்யூஜிஐஎஸ்னு இதுக்கான சாஃப்ட்வேர் எல்லாமே இலவசம், முதல் ரெண்டும் அமெரிக்க அரசாங்கம் தர்றது. சாட்டிலைட் உயர மேப் ஃப்ரீயா கிடைக்கும், ஆனா அதுல ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது ரோடு, காம்பவுண்ட் சுவர், நாலு வீடு எல்லாம் சேந்து ஒரே நம்பர். அதனாலதான் கேட் தூண்ல இருக்கற கோடு மாதிரி ஊர்க்காரங்க வெச்சிருக்கற அடையாளம் தங்கம், மாடல் சொல்றது சரியான்னு அதை வெச்சுத்தான் சரிபாக்கணும்.

அதுக்கப்புறம் தான் சேதக் கணக்கு. ஒரு அடி தண்ணிக்கு என்ன நஷ்டம், மூணு அடிக்கு என்ன, 10 வருஷத்துல ஒருதரம் வர்ற வெள்ளத்துக்கு என்ன, 100 வருஷத்துக்கு ஒருதரம் வர்றதுக்கு என்னன்னு எல்லாம் சேத்து ஒரு வருஷத்துக்கு சராசரியா எவ்வளவு போகுதுன்னு எடுப்பாங்க. 100 வருஷ வெள்ளம் 2015ல வந்துடுச்சு, இனிமே நம்ம காலத்துல வராதுன்னு நினைச்சு நிறைய பேர் ஏமாறறாங்க. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம், 30 வருஷ வீட்டு லோன் முடியறதுக்குள்ள அது ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கு. இந்தக் கணக்கு தெரிஞ்சவங்க கையில இருந்தாத்தான் ஏரியை ஆழப்படுத்தறதா, கால்வாயை அகலமாக்கறதா, ஆத்தங்கரையில வீடு கட்டவே விடக்கூடாதா, முன்கூட்டியே எச்சரிக்கை சொல்றதான்னு எதுக்குப் பணம் போட்டா எவ்வளவு சேதம் குறையும்னு ஒப்பிட முடியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சர் தளமாச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு, தென்சென்னை ஏரிகளோட உபரி அங்க வந்துதான் ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகுது. அதைக் காப்பாத்தறதால எவ்வளவு வீடு தப்பிக்குதுன்னு நம்பரா காட்ட ஆள் வேணும், வெறும் பேச்சு எடுபடாது.

படிப்புக்கு வர்றேன். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் இருக்கு, ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்னு மேப் சம்பந்தப்பட்ட கோர்ஸும் இருக்கு. அரசு வேலை மனசுல இருந்தா சிவில்தான் முதல்ல போடணும், டிஎன்பிஎஸ்சி மூலமா நீர்வளத்துறைல ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர் வேலைக்கு அந்த டிகிரிதான் கேப்பாங்க. கிண்டி கிடைக்கலன்னா வேற அரசு, அரசு உதவி பெறும் காலேஜ் போடுங்க, பேருக்கு சிவில் நடத்தற காலேஜ் வேண்டாம், லேப்ல சர்வே கருவி இருக்கா, பசங்க அதைக் கையில தொடறாங்களான்னு நேர்ல போய்ப் பாருங்க. அப்புறம் எம்டெக் சேர்றதுக்கான கேட் (GATE) பரீட்சையை எழுதித் தேறி சீட் வாங்கினா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், ஐஐடி ரூர்க்கில ஹைட்ராலஜிக்குன்னு, அதாவது நீரியலுக்குன்னு தனி டிபார்ட்மென்டே இருக்கு. வேலை அரசுத்துறை மட்டும் கிடையாது, கன்சல்டன்சி, இன்ஷூரன்ஸ், உலக வங்கி கடன்ல நடக்கற திட்டங்கள்னு போகும். ஆரம்ப சம்பளம் ஐடியை விடக் கம்மியாத்தான் இருக்கும், முதல் சில வருஷம் உறவுக்காரங்க அதைச் சொல்லிக் காட்டத்தான் செய்வாங்க. கடன் இல்லாத புள்ளைக்கு அதைத் தாங்கறது கஷ்டமில்ல. சைட் பயத்துக்கும் பதில் சொல்லிடறேன், இதுல பாதிக்கு மேல மேப்பும் கணக்கும்தான், களத்துக்குப் போக வேண்டிய நாள்ல போகணும்தான், இவ வெள்ளம் வடிஞ்ச தெருவுல டேப்போட நின்னவ.

கவுன்சிலிங்ல எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ்னு வரிசை போடற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. வீட்டு லேப்டாப்ல மேப் வரையற அந்த க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, ஆதனூர் ஏரிக்கு எங்கெங்க இருந்து தண்ணி வருதுன்னு அவளையே வரையச் சொல்லுங்க. ரெண்டே நாள்ல சலிச்சுப் போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க, வேற வழி பேசுவோம். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எழுந்து வரலன்னா, பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டு அந்த சீட்டை வேற யாருக்காவது விடச் சொல்லிடுங்க.