மூன்று முறை போன பேரிங்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் வடகரையில் ஒரு சர்க்கரை ஆலையில் மில்ரைட் (இயந்திரம், மின்சாரம் இரண்டையும் பராமரிப்பவர்) அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் வருஷம். அரம் போடுவது, கிரீஸ் அடிப்பது, மெஷின் கழுவுவது, இவ்வளவுதான் வேலை. சாறு பம்ப் ஒன்றில் இந்த அரவைப் பருவத்தில் மட்டும் மூன்று முறை பால் பேரிங் போய்விட்டது. ‘மட்டமான பேரிங்’ என்கிறார் ஆர்டிசன் (தேர்ச்சி பெற்ற தொழிலாளி). கழற்றி மாட்டுவதைத் தவிர என்ன கற்றுக்கொள்கிறேன் என்றே தெரியவில்லை. டிரேட் டெஸ்டுக்கு (தொழில் தேர்ச்சித் தேர்வு) எப்படித் தயாராவது?

வெருலம் வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பேரிங்கைப் பார்ப்போம். ஒரே இடத்தில் மூன்று முறை போனால், குற்றம் பேரிங்கில் இருப்பது அபூர்வம். கழற்றிய மூன்றையும் பழைய இரும்போடு போட்டிருந்தால், காரணத்தையும் சேர்த்தே போட்டுவிட்டீர்கள்.

அடுத்த முறை கழற்றுவதற்கு முன் வெளிவளையத்தின் உச்சியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கப்ளிங் (மோட்டார், பம்ப் தண்டுகளை இணைப்பது) பக்கம் எது என்றும் குறியுங்கள். உடனே கழுவாதீர்கள், பழைய கிரீஸில் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். பிறகு பேரிங்கை அறுத்துத் திறந்து, குண்டு ஓடிய தடத்தைப் பாருங்கள். வெளிவளையத்தில் தடம் சாய்ந்து கிடந்தால், ஷாஃப்டும் (சுழலும் தண்டு) ஹவுசிங்கும் (பேரிங் உட்காரும் கூடு) நேர்க்கோட்டில் இல்லை. உள்வளையத் துளைக்குள் செம்பழுப்புத் தூள் இருந்தால் ஃபிட் தளர்வு. வளையம் ஷாஃப்டின் மேல் நகர்ந்திருக்கிறது. குண்டுகளின் இடைவெளி எவ்வளவோ அதே இடைவெளியில் துருக்கறை இருந்தால், பம்ப் நின்றிருந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. கழுவும் வேலை உங்களுடையது என்பதால் சொல்கிறேன், ஹோஸ் தண்ணீரை பேரிங்கை மூடும் சீலின் மேல் நேராக அடிக்கவே கூடாது. மோட்டார் பக்கத்துப் பேரிங்கில் குறுக்கே சீரான வரிவரியான கோடுகள் தெரிந்தால், விஎஸ்டியிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வரும் மின்சாரம் பேரிங் வழியாகப் போகிறது. அதற்கு எத்தனை புதுப் பேரிங் மாட்டினாலும் தீராது. காப்பிட்ட பேரிங்கோ எர்த்திங் பிரஷ்ஷோ வேண்டும்.

சாறு பம்பில் என் முதல் சந்தேகம் குழாயின் மேல்தான். கப்ளிங்கில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, பம்பின் ஃபிளாஞ்ச் (குழாய் இணையும் விளிம்பு) போல்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் குழாய் பம்பை இழுக்கிறது. அலைன்மென்ட் (இரு தண்டுகளையும் நேராக்குவது) எத்தனை முறை செய்தாலும், போல்டை முறுக்கியதும் கெட்டுப்போகும். அடுத்தது சாஃப்ட் ஃபுட், அதாவது ஒரு கால் அடித்தளத்தில் சரியாக அமராமல் இருப்பது. மோட்டாரின் கால் போல்டுகளை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தளர்த்தி, அதே அளவுக்குப் பாருங்கள். எழும்பும் காலுக்கு அடியில் ஷிம் தகடு வையுங்கள். மூன்று நான்கு மெல்லிய தகடுகளை அடுக்குவதைவிடத் தடித்தது ஒன்று மேல்.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும். காலில் நிற்கும் பம்பின் மைய உயரம் 300 மி.மீ., ஓடும்போது மோட்டாரைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றால், அதன் ஷாஃப்ட் 0.2 மி.மீ.க்குச் சற்று மேலேயே உயரும். குளிர்ந்திருக்கும்போது கச்சிதமாக நேராக்கினால், ஓடும்போது கோணிவிடும். மோட்டாரை அவ்வளவு உயர்த்தி வைத்து அலைன் செய்ய வேண்டும்.

அரம் போடுவதை வீண் என்று நினைக்க வேண்டாம். 70 மி.மீ. ஷாஃப்டுக்கு 20 × 12 மி.மீ. கீ (கப்ளிங்கின் ஹப்பை ஷாஃப்டோடு பூட்டும் சிறு கட்டை). அது பக்கவாட்டில் இறுக்கமாகவும், மேலே சிறிது இடைவெளியோடும் உட்கார வேண்டும். உயரம் கூடிய கீயை அடித்து ஏற்றினால் ஹப் ஒரு பக்கம் தூக்கும், கப்ளிங் கோணலாகச் சுற்றும், அடி முழுவதும் பேரிங்கில் விழும். மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரியாத வரை இரும்புக் கட்டையைத் தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மில்ரைட்டுக்கு மின்சாரமும் சரிபாதி. 400 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடும் முன் விஎஸ்டியின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் டிரைவ் போய்விடும். லாக்அவுட்டில் (மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுவது) உங்கள் பூட்டு, சாவி உங்கள் பையில். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் சோதியுங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி முதல் இடத்தில். ஆர்டிசன் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிரேட் டெஸ்டை ஒலிஃபன்ட்ஸ்ஃபொன்டைனில் உள்ள இன்ட்லேலா என்ற அரசுத் தேர்வு மையத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு மையத்திலோ எழுதலாம். லாக்புக்கில் ‘பேரிங் மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதாமல், பேரிங் எண், ஷாஃப்ட் அளவு, கழற்றியபோது கண்டது, அலைன்மென்ட் அளவுகள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

வருஷக் கடைசியில் அரவை முடிந்ததும் ஆலையைப் பிரிப்பார்கள். அப்போது அந்தப் பம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாஞ்ச் தளர்த்தும்போது முள் எவ்வளவு நகர்ந்தது, கீயின் உயரம் என்ன என்று எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.