அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவருக்கு முடக்குவாதமும் வருமா?

வரும். எனக்கு இரண்டும் இருக்கின்றன: சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பிறவி நோயும், உடலின் தற்காப்பே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்).

விரல் மூட்டுகள் வீங்குவதும் பிறவி நோயின் வலிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஆமாம், அதுதான்" என்றே சொல்லி அனுப்பினார்கள். பிறவியிலேயே ஒரு நோய் இருந்துவிட்டால், எங்கே வலித்தாலும் பழி அதன் தலையில்தான் விழும்.

ஆனால் இரண்டு வலிக்கும் குணம் வேறு. அரிவாள் செல் வலி திடீரென எலும்புக்குள்ளிருந்து பிடுங்கும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். முடக்குவாதம் மணிக்கட்டிலும் விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டுகளிலும், பெரும்பாலும் இரு கைகளிலும் ஒன்றுபோல, வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடும். காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரம்கூட விடாது. சட்டைப் பொத்தான் போடுவதே எனக்குப் பெரும்பாடு. இடுப்பு மூட்டில் மட்டும் வலி என்றால், இரத்த ஓட்டமின்றித் தொடை எலும்பின் தலை சிதைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது நம்மிடையே அதிகம்.

பரிசோதனையில் ஒரு சிக்கல். அழற்சியின்போது சிவப்பணுக்கள் நாணயங்கள்போல அடுக்கடுக்காக ஒட்டி வேகமாகப் படியும்; அந்த வேகத்தை அளக்கும் இஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையின் எண் ஏறும். அரிவாளாய் வளைந்த அணுக்கள் அப்படி அடுக்காக ஒட்டுவதில்லை. மூட்டு வீங்கியிருக்கும்போதும் இஎஸ்ஆர் குறைவாகவே வரலாம். அந்த எண்ணைக் காட்டித்தான் "அழற்சியே இல்லை" என்றார் ஒரு மருத்துவர்! அழற்சியைக் காட்டும் இன்னொரு இரத்தப் பரிசோதனையான சிஆர்பி பரவாயில்லை, ஆனால் அரிவாள் செல் வலி வந்தாலும் அது கூடும். முடக்குவாதத்தில் காணப்படும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்ட்டி-சிசிபி பரிசோதனையைக் கேளுங்கள். அது நெகட்டிவாக வந்தாலும் முடக்குவாதம் இல்லை என்றாகிவிடாது.

சிகிச்சையில்தான் உண்மையான தலைவலி. வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், அரிவாள் செல்லுக்கு நாம் சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா இரண்டுமே இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை அடக்கும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்காமல் சேர்த்துத் தரக்கூடாது. ஸ்டீராய்டு மூட்டைச் சட்டென்று ஆற்றும், ஆனால் அரிவாள் செல் வலியைக் கிளப்பிவிடலாம், குறிப்பாக நிறுத்தும்போது. வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்க வேண்டாம், சிறுநீரகம் பாவம்.

தலசீமியா என்ற பிறவி இரத்தசோகை உள்ளவர்கள் கவனிக்க: அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பும், அதை நீக்கத் தரும் டெஃபெரிப்ரோனும்கூட மூட்டுவலி தரும். ஹீமோஃபிலியா (இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) உள்ளவர்கள் ஆஸ்பிரின் பக்கமே போகக்கூடாது.

வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். காலையில் வீங்கிய விரல்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் கொஞ்சம் வடிந்த கையைப் பார்த்தால் யாரும் நம்புவதில்லை. உங்கள் இரத்தநோய் மருத்துவரின் குறிப்பும் கையில் இருக்கட்டும்.