மூச்சை அடக்கியும் கோபம் அடங்கவில்லையே!

கேள்வி: திருமந்திரத்தில் உள்ள 16, 64, 32 கணக்குப்படி மூன்று மாதமாகப் பிராணாயாமம் செய்கிறேன். தலை சுற்றுகிறது. அலுவலகத்தில் கோபமும் குறைந்தபாடில்லை. எங்கே தவறு?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: எட்டாத படியில் முதலிலேயே கால் வைத்துவிட்டீர்கள். 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் விடச் சொல்கிறார் திருமூலர். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். அதைக் கடிகார விநாடியாக எண்ணினால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது. பழகாத உடம்பு அதில் திணறும். திணறிய உடம்போடு வண்டியை எடுத்துக் கத்திப்பாரா நெரிசலில் நின்றால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை இன்றே கைவிடுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்து, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நடுவே நிறுத்த வேண்டாம். காலையில் பத்துச் சுற்று, மாலையில் பத்து. விட்டு முடித்ததும் அடுத்த மூச்சுக்குத் தவித்தால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள், ஐந்தாகக் குறையுங்கள். தோள் உயர்ந்தாலும் தொண்டை இறுகினாலும் அப்படியே. தலைசுற்றல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மூச்சை நிறுத்தவே கூடாது. மற்றவர்களும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே.

கோபத்துக்கு வருவோம். எட்டுப் படிகள் கொண்ட அட்டாங்க யோகத்தில் பிராணாயாமம் நான்காவது. முதலாவது இயமம், அதாவது தீயதை விலக்கும் ஒழுக்கம்; அதற்குரியவனைச் சொல்லும்போதே ‘அடக்கம் உடையான்’ என்கிறார் திருமூலர். அந்தப் பாடம் பாயில் உட்கார்ந்து வருவதில்லை, அலுவலக மேசையில்தான் வரும். கோபம் சொல்லாக வெளிவரும் முன் உடம்பில் தெரியும்: தாடை இறுகும், காது சுடும். அதைக் கண்டதும் மூன்று நீண்ட மூச்சு விட்ட பிறகே வாயைத் திறப்பது, மெயிலுக்குப் பதில் அடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் கத்தி முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும், அதனால் விட்டுவிடாதீர்கள். இரவில் ஒரே வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யாரிடம், அப்போது பசியா, தூக்கக் குறைவா? இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் எந்த நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது பிடிபடும்.

கேள்வி: வாரம் ஒரு நாள் மௌன விரதம் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பதில் போடலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம். எழுதிக் காட்டுவதும் சைகையும்கூடப் பேச்சுதான். முழு நாள் முடியாவிட்டால் காலை 6 முதல் 8 வரை இருங்கள். வீட்டாரிடம் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். குழந்தை கூப்பிட்டால் மட்டும் தயங்காமல் பேசிவிட்டு மறுபடி தொடரலாம்.