பிக்கப்புக்கு மட் டெரெய்ன் டயர் தேவையா?

வாரம் முழுக்க நெடுஞ்சாலை, மாதத்தில் சில நாள் ஒரு டன் சுமை, எப்போதாவது மண் பாதை. இதற்குச் சேற்றுப் பாதைக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், சரி. ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், ஈரத் தரையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். உங்களுக்குத் தார்ச்சாலை, மண் பாதை இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரே தாராளம்.

அதைவிட முக்கியம் சுமைக் குறியீடு. டயர் அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 121 என்றால் 1450 கிலோ. அதுவும் அந்தச் சுமைக்கு உரிய காற்று இருந்தால்தான். வண்டியோடு வந்த டயரின் குறியீட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காதீர்கள். அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று போட்டிருப்பது சுமைக்கென்றே செய்தது. என்ன, காலி வண்டியில் கொஞ்சம் குலுக்கும், காற்றும் அதிகம் கேட்கும். நீங்கள் ஏற்றுகிற சுமைக்கு அந்தக் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் தயாரானது. தள்ளுபடி என்று சொல்லிப் பழைய டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.