வீட்டுக்குள் தண்ணீர்: எங்கிருந்து வருகுது என்று முதலில் பாருங்கோ

கொழும்பில் கட்டடப் பராமரிப்பு வேலை செய்கிறேன். மழை தொடங்கியதும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணை, எங்கட தொடர்மாடி வீட்டில பாத்ரூம் சீலிங்கில மஞ்சள் வட்டம் ஒன்று. போன வருஷம் பெயின்ட் அடிச்சம், திரும்ப வந்திட்டுது. மேல் வீட்டுக்காரர் தங்கட பைப்பில ஒழுக்கே இல்லை என்கிறார்.

பதில்: இன்னொரு தரம் பெயின்ட் அடிக்க வேண்டாம் தங்கச்சி, காசுதான் வீண். அந்த வட்டம் எப்ப ஈரமாகுது என்று கவனியுங்கோ. இரவு பகல் எந்நேரமும் ஈரமென்றால் அழுத்தத்தோட தண்ணீர் வாற குழாயிலதான் சந்தேகம். மேல் வீட்டில எல்லாப் பைப்பையும் பூட்டச் சொல்லிப்போட்டு அவையின்ர தண்ணீர் மீட்டரைப் பாருங்கோ. உள்ளே இருக்கிற சின்னச் சக்கரம் அப்பவும் சுத்தினால் ஒழுக்கு இருக்கு.

ஆட்கள் குளிச்ச பிறகு மட்டும் ஈரமென்றால், கழிவுக் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. இதில மீட்டர் ஒன்றும் காட்டாது. அதனால மேல் வீட்டுக்காரர் பொய் சொல்லுறார் என்று நினைக்காதேங்கோ, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தரையில இருக்கிற வடிகால் வாயை இறுக்கி அடைச்சு, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேணும். கீழே கசிஞ்சால் தரையைக் கழட்டி வோட்டர்ப்ரூஃபிங் செய்யத்தான் வேணும், வேற வழி இல்லை.

சிலாப்பில சீமெந்து பொரிஞ்சு, துருப்பிடிச்ச கம்பி தெரிஞ்சால் மேசன் பாஸைக் கூப்பிட்டுப் பூசி மறைக்காதேங்கோ. கடற்காற்றில கம்பி கெதியா அரிக்கும். அதை எஞ்சினியர் ஒருத்தர்தான் பார்க்க வேணும்.

கேள்வி (வெல்லம்பிட்டி): களனி ஆறு பெருகி வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணீர். இப்ப வடிஞ்சிட்டுது. கழுவினால் போதுமா அண்ணா?

பதில்: போதாது. 2016 மே வெள்ளத்தில உங்கட பக்கமும் கொலன்னாவையும் பட்ட பாடு தெரிஞ்சதுதானே. ஆற்றுத் தண்ணீர் என்று வந்தாலும், அதில கக்கூஸ் குழி, கான், எலி மூத்திரம் எல்லாம் கலந்திருக்கு. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் ஈரத்தில கால் வைக்காதேங்கோ. சுவிட்ச் பெட்டியே நனைஞ்சிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியன் வரட்டும்.

துப்புரவாக்க முதல் போட்டோ எடுத்து வையுங்கோ, காப்புறுதிக்கும் நிவாரணத்துக்கும் உதவும். சேறு காய முதல் வழிச்சுத் தள்ளுங்கோ, காய்ஞ்சால் சுவரோட ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் கழுவின பிறகுதான் ப்ளீச். நனைஞ்ச மெத்தை, தலையணை, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை அலுமாரி, இதுகளை எறியுங்கோ. மனசு கேட்காது, எனக்கும் விளங்குது. ஆனால் பஞ்சுக்குள்ள போன அழுக்கை வெயில் எடுக்காது. தேக்குக் கட்டில், பிளாஸ்டிக் கதிரை கழுவினால் தப்பும்.

பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதேங்கோ, காலில புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொத்துது. தடுப்பு மாத்திரை பற்றி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில கேளுங்கோ. பிறகு காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில நின்றதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. கிணறு இருந்தால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போடும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதேங்கோ.

கேள்வி (தெஹிவளை): வோஷிங் மெஷின் குழாய் கழண்டு ஹோல் முழுக்கத் தண்ணீர். இதுவும் ஊத்தைத் தண்ணீரா?

பதில்: உள்ளே தண்ணீர் எடுக்கிற குழாயென்றால் நல்ல தண்ணீர்தான். அழுக்கு வெளியே போற குழாயென்றால் கொஞ்சம் கவனம். எதுவென்றாலும் இன்றைக்கே துடைச்சு, ஃபேனைப் போட்டுக் காய வையுங்கோ. ஒன்று இரண்டு நாளில பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அலுமாரிக்குப் பின்னால சுவர் கறுத்துப்போச்சு. ஒழுக்கு ஒன்றையும் காணேல்ல.

பதில்: பொலித்தீன் துண்டு ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு அந்தச் சுவரில ஒட்டி, இரண்டு நாள் விடுங்கோ. சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளயிருந்து வருகுது, வெளிப்பூச்சில வெடிப்பு, கூரைப் பீலி எல்லாம் பாருங்கோ. அறைப் பக்கம் வேர்த்தால் காற்றோட்டம் போதாது. அலுமாரியைச் சுவரிலயிருந்து ஒரு சாண் தள்ளி வைச்சு, ஜன்னலைத் திறந்து விட்டாலே பாதி குறையும்.

அதே வீட்டிலயிருந்து: துடைக்க ப்ளீச்சோட ஹார்பிக்கையும் கலக்கலாமா?

பதில்: ஐயோ, கலக்கவே கூடாது! நச்சு வாயு கிளம்பும். ப்ளீச் மட்டும், ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு.