அடுத்தாள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒன்பது வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள். மூத்தவருக்கு 34 வயது. நான் இல்லாத நாளில் வியாபாரம் பாதியாகிவிடுகிறது. போன மாதம் அக்கா மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிவதற்குள் பதினோரு போன். எல்லாம் 'அண்ணே, இதை என்ன ரேட்டுக்குக் கொடுக்க?' என்பதுதான். நான்கு கேமரா மாட்டிவிட்டேன். நான் இல்லாமலும் கடை ஓட எந்த மென்பொருள் வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மென்பொருளை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கேமரா ரேட் சொல்லாது, அதை விடுங்கள்.

34 வயதுக்காரரைப் 'பையன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது.

என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒவ்வொரு சேலை மடிப்பிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் அடக்க விலையை எண்ணில் எழுதமாட்டார், எழுத்தில் எழுதுவார். பத்து எழுத்துள்ள ஒரு சொல். முதல் எழுத்து 1, கடைசி எழுத்து 0. பேரம் சூடு பிடிக்கும்போது ஓரக்கண்ணால் சீட்டைப் பார்த்து, எதுவரை இறங்கலாம் என்று முடிவு செய்வார். அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியாது. கடையில் பதினாறு வருடம் இருந்த அண்ணனுக்கும் தெரியாது. அப்பா மஞ்சள் காமாலையில் படுத்த இருபது நாளும் யார் விலை குறைத்துக் கேட்டாலும், அண்ணன் "முதலாளி வரட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். துப்பில்லாதவன் என்று அப்பா அவரைத் திட்டினார். அந்தச் சொல்லை அண்ணன் எப்போதோ கண்டுபிடித்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. தெரியும் என்று காட்டிக்கொள்ளப் பயம்.

இத்தனைக்கும் முதலாளி இல்லாமல் கடை ஓடுவது நம் ஊரில் இல்லாத வித்தையா? நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவி நடத்திய காலத்தில் முதலாளி பெரும்பாலும் காரைக்குடிப் பக்கம் தன் வீட்டில் இருந்தார். கடல் தாண்டிக் கடையில் உட்கார்ந்தவர் மேலாள், கையில் முதலாளி கொடுத்த அட்டர்னி பத்திரத்தோடு. வழக்கமாக மூன்று வருடம், அப்புறம் இன்னொருவர் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கப்பலேறியவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாவான். அடுத்தாள்! அந்தப் பெயரைக் கவனியுங்கள். நாளைக்கு இந்த இடத்தில் உட்காரப்போகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் என்று நினைக்காதீர்கள், பேரேடும் ஐந்தொகையும் இருந்தன. அவர் கணக்கைப் பார்த்தார். நீங்கள் போனில் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மூத்தவரை உட்காரவைத்து ஒரு நோட்டுப் போடுங்கள். வயர், ஸ்விட்ச், ஃபேன் ஒவ்வொன்றுக்கும் அடக்கம் என்ன, எதுவரை இறங்கலாம், எந்த எலக்ட்ரீஷியனுக்கு எவ்வளவு தள்ளுபடி, யாருக்கு எத்தனை ரூபாய்வரை கடன். தப்பாக விற்பார். கொஞ்ச நாள் கையைக் கடிக்கும், கடிக்கட்டும். லாபம் தெரிந்தால் சம்பளம் கூடக் கேட்பாரே என்று உள்ளே ஒரு பயம் இருக்குமே? கேட்பார். கொடுங்களேன்.

அப்பா போனபின் மீந்த சரக்கை மொத்தமாக வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். அம்மா ஒரு சுங்குடிச் சேலையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். சீட்டு இன்னும் மடிப்பில் இருக்கிறது: 'ம ல ல'. என்ன விலைம்மா என்று கேட்டால், "முதலாளி வரட்டும்" என்கிறார்.