ரவிவர்மா படம் 12 லட்சம்: இரட்டிப்பானாலும் லாபம் வருமா?

கேள்வி: குலசேகரத்தில் வசிக்கிறேன். வயது 59. ரப்பர் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றதில் 45 லட்சம் கையில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பழம்பொருள் வியாபாரி ஒருவர், ரவிவர்மா கைப்பட வரைந்த எண்ணெய் ஓவியம் என்று ஒன்றை 12 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். பழைய ரவிவர்மா பிரஸ் அச்சுப் படங்கள் நான்கும் இருக்கின்றன, ஒன்று 60,000. ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகும், ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் குறைக்கிறேன் என்கிறார். துபாயில் இருக்கும் மகன், அங்கே கொண்டுவந்தால் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்கிறான். வாங்கலாமா?

பதில்: எண்ணெய் ஓவியம் வேண்டவே வேண்டாம், ஐயா. அச்சுப் படங்களில் நல்லதாக இரண்டை, வீட்டில் மாட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஓவியம் அசலே என்று வைத்துக்கொண்டு முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்து ஆண்டில் கடை விலை 24 லட்சம் ஆகிறது. ஆனால் கடை விலைக்கு விற்பவர் கடைக்காரர்தான். நீங்கள் அவரிடம் திருப்பி விற்கப் போனால் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். 60 சதவீதம் கொடுத்தால் 14.4 லட்சம். அதில் லாபம் 2.4 லட்சம். சொந்த உபயோகப் பொருளுக்கு உள்ள வரிவிலக்கு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீத வரி, செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து 13. ஆக, கைக்கு வருவது சுமார் 14.09 லட்சம். அதே 12 லட்சம் 7 சதவீத வைப்பு நிதியில் இருந்திருந்தால் 16.83 லட்சம், 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு வரி போகச் சுமார் 15.7 லட்சம். வியாபாரி சொன்னபடி இரட்டிப்பாகியும் வங்கியைவிடக் குறைவுதான். வரிக்கு முந்தைய 16.83 லட்சத்தை எட்டவே கடை விலை 28 லட்சத்தைத் தொட வேண்டும். அதாவது ஆண்டுக்கு 18.5 சதவீதம் ஏற வேண்டும். ஏலத்தில் விற்றாலும் ஏல நிறுவனத்தின் கமிஷன், வண்டிக்கூலி, நிபுணர் சான்றுச் செலவு எல்லாம் உண்டு.

இனி, அது அசலா? ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் போகின்றன. 12 லட்சத்துக்குத் தருகிறேன் என்பதே சந்தேகத்துக்கு முதல் காரணம். அவர் தம்பி ராஜராஜ வர்மா, தங்கை மங்களாபாய் ஆகியோரும் வரைந்தார்கள். பார்த்து வரைந்தவர்கள் அதற்கும் மேல் ஏராளம். இன்னொரு பித்தலாட்டமும் உண்டு: அச்சுப் படத்தைத் துணியில் ஒட்டி, மேலே எண்ணெய் வண்ணம் பூசிவிடுவார்கள். வண்ணம் மெலிந்த ஓரங்களில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். அடியில் அச்சுப் புள்ளி தெரிந்தால் கதை முடிந்தது. அதற்கு முன் திருவனந்தபுரத்திலேயே ராஜா ரவிவர்மா கலைக்கூடத்தில் இருக்கும் அசல்களை ஒரு பகல் பொழுது பார்த்துவிட்டு வாருங்கள்.

துபாய் யோசனை நடக்காது. ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979-இல் தேசியக் கலைப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு ஆண்டைக் கடந்த கலைப் பொருளுக்கும் இதே தடைதான். அதற்குக் குறைந்த வயதுள்ள அச்சுப் படமானால்கூட, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொண்டு கொண்டுபோவதே நல்லது. மகன் பெட்டியில் சுருட்டி வைத்து எடுத்துப்போனால் விமான நிலையத்தில் படமும் போகும், வழக்கும் வரும்.

அச்சுப் படங்கள் வேறு கதை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பிறகு லோனாவ்லா அருகே மாளவ்லிக்குப் போனது. நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசிய படங்கள் அவை. லென்ஸில் பார்த்தால் கல் அச்சின் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல் இருக்கும். வரிசை பிசகாமல் பூ வடிவில் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. புற ஊதா விளக்கில் காகிதம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், பெரும்பாலும் 1950-க்குப் பிந்தைய தாள். பின்னால் புதிதாக ஒட்டிய தாளும் ஒளிரும் என்பதால் முன்பக்க விளிம்பிலேயே பாருங்கள். அச்சகப் பெயரும் தலைப்பும் இருக்கும் அடி விளிம்பைப் படச் சட்டத்துக்குள் பொருத்துவதற்காக வெட்டியிருந்தால் மதிப்பு இறங்கும். சரிகை, சமிக்கி ஒட்டிய படங்கள் அந்தக் காலத்து வழக்கம்தான், பிய்த்துவிடாதீர்கள். பிரஸ் பெயர் இருப்பதாலேயே ரவிவர்மா வரைந்தது என்றாகாது. துரந்தர் போன்ற மற்றவர்கள் வரைந்ததையும் அங்கே அச்சிட்டார்கள்.

ரொக்கப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. மூன்று நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் அது ஒரே பரிவர்த்தனைதான். அபராதம் வாங்கியவருக்கு, அதே தொகை அளவுக்கு. உங்களுக்கு நஷ்டம் வேறு விதம்: பில் இல்லாவிட்டால் நாளை விற்கும்போது வாங்கிய விலையைக் காட்ட முடியாது. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கலைப் பொருளுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டிசிஎஸ் உண்டு, அதாவது விற்பவர் விலையோடு சேர்த்து வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். முறையான பெரிய வியாபாரி 12 லட்சத்துக்கு விற்கும்போது இந்தப் பேச்சையே எடுக்காவிட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பில்லில் இத்தனையும் எழுதி வாங்குங்கள்: தலைப்பு, அச்சகம், கல் அச்சு என்ற சொல், அளவு, ஏறத்தாழ எந்த ஆண்டு, கிழிசல் அல்லது பழுதுபார்த்த இடம், பில்லில் எழுதியதற்கு மாறானது என்று நிபுணர் சொன்னால் 30 நாளுக்குள் பணம் திருப்பித் தருவதாக ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்கு மறுப்பவரிடம் பேரமே பேச வேண்டாம்.

45 லட்சத்தில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் ஒதுக்கிய பிறகு, ஆசைப் பொருளுக்கு 5 சதவீதத்துக்குள், அதாவது 2.25 லட்சத்துக்குள் நிற்பது என் கணக்கு. இரண்டு படம் 1.2 லட்சம், மிச்சத்தில் படச் சட்டத்தை மாற்றுங்கள். பழைய சட்டத்தின் பின்பலகையில் உள்ள அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுக்கும். அமிலமற்ற அட்டை போடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நம் பக்கத்து ஈரத்தில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சீக்கிரம் வரும். மழைச்சாரல் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். லட்சுமி படம் என்று பூஜையறையில் வைத்தால் விளக்குப் புகை வார்னிஷில் படியும். ஈரத்துணியால் துடைத்தால் நிறமும் கூடவே வரும். வீட்டுக் காப்பீட்டில் இவை தானாகச் சேராது. மதிப்பீட்டுச் சான்று கொடுத்துத் தனியாகப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள்.